கோசுத்தலையன் ஏறிய மலைவண்டி

முப்பத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் போளூர் – ஜமுனாமரத்தூர் மலை ரூட். சில்லறையில் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏறிய ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனதில்லை. ஆனால் ஒரு பொய் சொன்னேன். ஒரு படத்தின் முடிவைப் பற்றிய பொய். அது ஒரு வீட்டின் வாசல்வரை போய் நின்றுவிட்டது. புதிதாகத் தோளில் பை மாட்டுகிற தம்பிகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாரும் எடுக்காத கேசட்

எனக்கு நியூ வேவ் என்கிற சீமைப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது பெங்களூரில். பதினெட்டு வயதில் அங்கே ஒரு கேசட் கடையில் வேலைக்கு இருந்தேன். முன்பக்கம் பாட்டுக் கேசட் விற்பனை, பின்பக்கம் வீடியோ கேசட் வாடகை. சீமையிலிருந்து வந்த ஒரு பாட்டுக் கேசட் பெட்டி மட்டும் மூலையில் தூங்கியது. அட்டையில் நாலு பேர் கோட்டு போட்டு, சோறு கண்டு ஒரு வாரம் ஆன முகத்தோடு நிற்பார்கள். ஒருவரும் வாங்கவில்லை. கடைக்கார பாய், "எடத்த அடைக்குது, நீயே எடுத்துக்கோடா" என்று தள்ளிவிட்டார்.

போட்டுக் கேட்டேன். தாளத்தை மெஷின் அடிக்கிறது. கீபோர்டை ஒற்றை விரலால் தட்டுகிறார்கள். பாடுகிறவன் அழவும் மாட்டான், சிரிக்கவும் மாட்டான். ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று லீவு லெட்டர் வாசிப்பதுபோல் பாடுவான். ஆனால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு வார்த்தை புரியாமலே அந்தப் பெட்டியை முழுதாகக் கேட்டு முடித்தேன்.

படங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. வாடகைக்குப் போகாத வீடியோ கேசட்டுகளை நான் போட்டுப் பார்ப்பேன். ரப்பர் பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும். ஆகாசக் கப்பலைக் கட்டியிருக்கும் நூல் தெரியும். கையில் காசில்லாமல், ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த படங்கள். பெரிய படங்களில் கிடைக்காத ஒரு சந்தோஷம் எனக்கு அதில் கிடைத்தது.

ஊருக்கு வந்து, கல்யாணமாகி, பேரன் எடுத்தும் அந்தப் பைத்தியம் போகவில்லை. பகிர்ந்துகொள்ளத்தான் ஆள் இல்லை. என் வீட்டுக்காரி, "அந்த மிஷின் பாட்ட நிறுத்துங்க, மிக்ஸி ஓடுதா இல்லியான்னே தெரியல" என்பாள். நாற்பது வருஷம் ஒண்டியாகவே ரசித்தேன். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் முதலாளி வண்டியில் புது ஸ்பீக்கரும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு டி.வி.யும் மாட்டினார். பென்டிரைவ் என் பொறுப்பு. விடுவேனா?

முதல் நாளே பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் போட்டேன். இரண்டு நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள்.

"இன்னா கண்டக்டரே, ஈ.சி.ஜி. எடுக்கறாங்களா?"

"செட்டு ரிப்பேரு போல. தட்டிப் பாரு."

டிரைவர் தேவராஜ் கண்ணாடியில் என்னை முறைத்தான். அவனும் நானும் பத்து வருஷமாக ஜோடி. "யோவ், வளைவுல ஸ்டியரிங் புடிக்கிறவன் நானு. இந்தச் சாவுக் கீபோர்டு நின்னாத்தான் கியர் விழும்" என்றான். கையைச் சுவிட்சுக்குக் கொண்டு போனேன். அப்போது மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருண்ணே. நல்லாத்தான் கீது. ஒரே ஒரல்ல ரெண்டு பொம்பளைங்க மாத்தி மாத்திச் சாமை குத்தற மாதிரி கீது."

அதுதான் எல்லம்மா. மலைக்காரி. சீத்தாப்பழக் கூடையோடு காலையில் போளூருக்கு இறங்கி, விற்றுவிட்டு, இரண்டு மணி வண்டியில் திரும்ப ஏறுவாள். அவள் சொன்னதும் இரண்டு மூன்று பேர் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். "ஆமாமா, உலக்கைதான்" என்றார் ஒரு பெரியவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த பாயின் கடையை விட்டு வந்தபிறகு, என் பாட்டை நல்லா இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ஸ்டாப்புக்கு ஒரு கதை

பாட்டு தேறியதும் எனக்குத் தைரியம் வந்தது. அடுத்துப் படத்தில் கை வைத்தேன். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஒரு வீடியோ கேசட்டைப் போளூர் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். எந்த நாட்டுப் படம், என்ன பாஷை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை இதுதான். பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். அங்கே காய்கறி வைக்கிற பெரிய குளிர்கிடங்கு. ஒரு நாள் அதற்குள்ளிருந்து, காலிஃப்ளவர் என்கிற பூக்கோசுத் தலையோடு ஒரு ஆள் எழுந்து வருகிறான். நல்லவன். ரேடியோ ரிப்பேர் செய்வான், கிழவர்களுக்கு விறகு பிளந்து போடுவான். டெலிபோன் ஆபீஸில் வேலை செய்கிற ஒரு பெண் அவனுக்கு டான்ஸ் ஆடக் கற்றுக்கொடுப்பாள். பின்னணி முழுக்க என் ரகப் பாட்டு. அவன் கோட்டு முதுகில் ஜிப்பும் உண்டு.

இரண்டு மணி வண்டியில் படத்தை ஓட்டினேன். "கோசுத்தலையன்" என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. படம் இரண்டு மணி நேரம். வண்டி மேலே போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். எல்லோரும் போளூரில் ஏறுவார்கள், அவரவர் ஸ்டாப்பில் இறங்குவார்கள். அடிவாரத்தில் இறங்குகிறவர்கள் பார்த்தது கோசுத்தலையன் எழுந்து வருவதற்கு முந்தின பகுதி. அவர்களைப் பொறுத்தவரை அது மூட்டை தூக்குகிறவர்களின் கூலித் தகராறு படம். செக்போஸ்ட் ஆட்களுக்கு அது பேய்ப்படம். பாதி மலையில், பலாமரத்து ஸ்டாப்பில் இறங்குகிறவர்களுக்குக் காதல் படம். ஜமுனாமரத்தூர்க்காரர்களுக்குத் திருட்டுக் கேஸ், ஏனென்றால் கிடங்கில் மூட்டைகள் காணாமல்போய், ஊர் அவனைச் சந்தேகப்படுகிற இடத்தில் வண்டி போய் நின்றுவிடும். சந்தையில் இந்த நாலு கூட்டமும் சந்தித்துச் சண்டை போட்டுக்கொண்டன. அடிவாரத்துக்காரர் ஒருவர், "அதுல கோசே கெடையாதுபா, நான் தெனம் பாக்கறேன்" என்று சத்தியமே செய்தார்.

படத்தை மாற்றலாம் என்றால் விடவில்லை. "மீதி தெரியாம எப்படிண்ணே மாத்துவ?" என்றார்கள். மறுநாளும் அதே படம், அவர்களுக்கு அதே பாதி. ஒன்றரை மாதம் ஓடியது.

இதில் தேவராஜ் கதி தனி. டி.வி. அவன் முதுகுக்குப் பின்னால். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். "இப்ப இன்னா, டான்ஸா?" என்று கேட்பான். "ரோட்டப் பார்யா" என்பேன்.

கேட்டவர்க்குக் கேட்ட முடிவு

கடைசிக் கால் மணி நேரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். எனவே இறங்குகிற ஒவ்வொருவரும் படிக்கட்டில் நின்று, "கடசில இன்னா ஆச்சி?" என்று என்னைக் கேட்டார்கள்.

அந்த முடிவு சோகம். அதை நான் சொல்லப்போவதில்லை என்று முடிவுசெய்தேன். ஒரு வேலை நேர்த்தி எனக்கு உண்டு: கேட்ட ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் கிழிப்பேன். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. காலேஜ் பிள்ளைகளிடம் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். ஃபாரஸ்ட் வாட்சரிடம் உண்மையான திருடன் மாட்டிக்கொண்டான் என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்கும் சந்தோஷம்.

எல்லம்மா பலாமரத்து ஸ்டாப். கோசுத்தலையனும் அந்தப் பெண்ணும் ஆடுவதை அவளுடைய அப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிற இடத்தில் அவள் இறங்க வேண்டும். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அப்பங்காரன் பாத்துட்டானேண்ணே. அப்பால இன்னா பண்ணான்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் மகள் செல்வி ஓசூர் கம்பெனியில் வேலைக்குப் போனவள். கூட வேலை செய்த ரஞ்சன் என்ற ஒடிசாப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மலையில் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து ஊர் முன்னால் உட்கார்ந்து பரியப் பணம் வைத்தால்தான் அது கல்யாணம். அந்தப் பையனுக்கு வந்து உட்கார யாரும் இல்லை. எல்லம்மாவின் வீட்டுக்காரர் காளி, "ரெண்டு பேரும் என் வாசப்படி மிதிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எட்டு மாதமாக மகள் முகத்தை அவள் போனில்தான் பார்க்கிறாள்.

என்னத்தைச் சொல்ல? "கதவத் தொறந்துட்டாம்மா. உள்ள கூப்ட்டு, ஒரு கிண்ணம் சூப்பு குடுத்தான்" என்றேன்.

எல்லம்மா முகம் மலர்ந்தது. "அப்டியா!" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். விசில் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசி ஸ்டாப் ரெண்டு

அடுத்த வாரம் எல்லம்மாவோடு காளியும் போளூரில் ஏறினார். நெட்டையான ஆள். பேச்சு குறைவு. ரூபாயை நீட்டி, "கடசி ஸ்டாப்பு ரெண்டு" என்றார்.

"உங்க ஸ்டாப்பு பலாமரமாச்சே?"

"இன்னிக்கு இல்ல. இவ ஒரு வாரமா என் உசுர வாங்கறா. கோசுத்தலையனுக்கே கதவத் தொறந்தாங்களாம், சோறு போட்டாங்களாம், கண்டக்டர் சொன்னாராம். நான் என் கண்ணால பாக்கறேன். தொறந்தான்னா, வர்ற ஞாயித்துக்கெழம அதுங்கள வரச்சொல்லட்டும். தொறக்கல, இந்தப் பேச்ச வூட்ல எடுக்கவே கூடாது. சரின்னு சொல்லிக்கீறா."

எல்லம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், அவ்வளவு நம்பிக்கையோடு.

அட பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே! ஒரே ஒரு வழிதான் இருந்தது. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கடைசிக் கால் மணி வராது. பார்க்கவில்லை என்றால் தோற்கவும் இல்லை. நேரே தேவராஜிடம் போய்க் குனிந்தேன்.

"இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட்டாவக் கூடாது."

"பத்து வருஷத்துல இப்பத்தான்யா என்ன வேகமாப் போவச் சொல்ற" என்றான்.

தேவராஜ் அன்றைக்குக் கெட்டிக்காரத்தனமாக ஓட்டினான். அடிவாரம், செக்போஸ்ட், வளைவுகள், எல்லாம் சரியான நேரத்துக்கு. பலாமரத்து ஸ்டாப் வந்தது. எல்லம்மா இறங்காமல் உட்கார்ந்திருந்ததை அந்த ஸ்டாப் ஆட்கள் ஐந்தாறு பேர் பார்த்தார்கள். "எக்கா இறங்கல? படத்தப் பாக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அவர்களும் இன்னொரு டிக்கெட் எடுத்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

இன்னும் நாலு வளைவு. தப்பித்தோம் என்று நினைத்தபோது தேவராஜ் பிரேக் போட்டான். புளி மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று பின் டயர் வெடித்து, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஜாக்கி வைத்து மாற்ற அரைமணி ஆகும் என்றார்கள். தேவராஜ் இஞ்சினை நிறுத்தினான். டி.வி. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுய்யா" என்றேன் மெதுவாக.

"ஒண்ணரை மாசமா சத்தம் மட்டும் கேட்டுகினு ஓட்றேன். நானும் மனுசன்தான்" என்று எழுந்து வந்து, பயணிகளோடு பயணியாக உட்கார்ந்துவிட்டான்.

"பேட்டரி இறங்கிடும்" என்றேன். "தள்ளிவுடறோம்" என்று வண்டியே கத்தியது. "ஸ்கிரீன் சூடாவுது" என்றேன். "உக்காருய்யா, மறைக்காத" என்றார்கள். சொந்தப் படத்துக்கே என்னை எதிரியாக்கிவிட்டார்கள். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அந்தக் கால் மணி

ஊர் கூடி அவனைக் கிடங்கிலிருந்து துரத்துகிறது. பனி கொட்டுகிறது. கோசுத்தலையன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறான். விறகு பிளந்து கொடுத்த வீடு, ரேடியோ சரிசெய்து கொடுத்த வீடு. அவன் தட்டத் தட்ட உள்ளே விளக்கு அணைகிறது. வசனம் இல்லை. மெஷின் தாளமும் நாலு சுரக் கீபோர்டும்தான்.

எல்லம்மா முனகினாள்: "இப்ப ஒத்த உலக்கதான் கேக்குது."

உண்மை. அத்தனை தடவை கேட்டும் எனக்குத் தெரியாதது அது. அந்த இடத்தில் இரண்டு தாளத்தில் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைசி வீடு டெலிபோன் ஆபீஸ் பெண்ணின் வீடு. அவள் அழுதுகொண்டு மூலையில் நிற்கிறாள். அவள் அப்பன் கதவுக்கு இந்தப் பக்கம், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறான். வெளியே தட்டுகிற சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை. கை தாழ்ப்பாளிலேயே இருக்கிறது. திறக்கவில்லை. விளக்கை ஊதி அணைக்கிறான். கோசுத்தலையன் ஸ்டேஷனுக்கு நடந்து, காய்கறி மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். அவன் முதுகில் ஜிப் பாதி திறந்திருக்கிறது. ஒன்றரை மாதமாக அந்த ஜிப்பைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. படம் முடிந்தது.

எல்லம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தாள். எனக்கு அந்தப் படிக்கட்டிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் மகளின் ஞாயிற்றுக்கிழமையை நான் அல்லவா தொலைத்துவிட்டேன்?

எழுந்து நின்று, "நான்தான் பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

காளி நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னா ஜனம்யா இது?" என்று வெடித்தார். "அவன் இன்னா தப்பு பண்ணான்? பனியில நின்னு தட்றான். ஒரு வாய் தண்ணி குடுத்தா இவன் சொத்து கொறஞ்சிடுமா? பெத்த பொண்ணு அந்தாண்ட அழுவுது, இவன் தாழ்ப்பாளப் புடிச்சிகினு நிக்கறான். மனுசனா இவன்?"

எல்லம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. மடியிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அத நம்ம வூட்டுத் தாழ்ப்பாளக் கேளுய்யா."

அவ்வளவுதான். காளி டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தால் தேவராஜ்.

லாரி நகர்ந்தது. வண்டி மேலே போய், ஆளை இறக்கி, திரும்ப இறங்கியது. காளியும் எல்லம்மாவும் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பலாமரத்து ஸ்டாப்பில் வண்டியை நிறுத்த "ஓல்டான்" கொடுத்தேன். காளி இறங்கி, கீழே நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"கண்டக்டரே, ஓசூர்லேருந்து வர்றவங்க போளூர்ல எத்தினி மணி வண்டியப் புடிக்கணும்?"

"ரெண்டு மணிக்கு நம்ம வண்டியே இருக்குதுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு இரண்டு மணி வண்டியில் செல்வியும் ரஞ்சனும் ஏறினார்கள். ஒல்லியான பையன். டிக்கெட் கொடுத்ததும், "நன்றிண்ணா" என்றான். தமிழில் அது ஒன்றுதான் தெரியும் போல. படம் போடவில்லை, பாட்டு மட்டும் போட்டேன். அவன் விரலால் முன்சீட்டுக் கம்பியில் தாளம் தட்டினான், பிசகாமல். என் ஆள் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

பலாமரத்து ஸ்டாப்பில் காளி வேட்டியை மடித்துக் கட்டாமல், சட்டை போட்டு நின்றிருந்தார். பக்கத்தில் எல்லம்மா. செல்வி இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரஞ்சன் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் பையோடு நின்றான். காளி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தலையில கோசு கீசு ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான் கீறான்" என்றார்.

வண்டியே சிரித்தது. அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் சிரித்தான். காளி அவன் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "பனியில நிக்காத, வா" என்று முன்னால் நடந்தார். அன்றைக்கு நல்ல வெயில்.

நான் படிக்கட்டில் நின்றபடி எல்லம்மாவிடம், "பொய் சொல்லிட்டேம்மா, மனசுல வெச்சிக்காத" என்றேன்.

"எங்கண்ணே பொய் சொன்ன? கதவத் தொறந்துட்டாங்கதானே. நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்ட, அவ்ளோதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே மகள் பின்னால் ஓடினாள்.

அவள் பெரிய மனசு, அப்படிச் சொன்னாள். ஆனால் எனக்குத் தெரியும், காளியை மாற்றியது என் சூப்புக் கிண்ணம் இல்லை. மூடியிருந்த அந்தக் கதவு. அதை மறைக்கத்தான் நான் அத்தனை பாடுபட்டேன். எனவே புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். சில்லறையைச் சரியாகக் கொடு, நிறுத்தத்தில் சரியாக நிறுத்து. முடிவை மட்டும் உன் கையால் கிழித்துக் கொடுக்காதே. கடைசி ஸ்டாப் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், பார்க்க வேண்டியதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.